நியூ ஜெர்சிலேருந்து கலிஃபோர்னியா வரைக்கும் கார்லயே போகணுமா? முதல் தடவை போறவங்களுக்கு

அமெரிக்கா வந்து ரெண்டு வருஷம் ஆயிருக்கும், லைசன்ஸ் வாங்கியாச்சு, ஒரு கேம்ரியோ சிஆர்வியோ வாங்கியாச்சு, இந்த சம்மர்ல ஏதாவது பெருசா பண்ணலாம்னு வீட்டுல பேச்சு ஓடுது, அப்பதான் யாராவது ஒருத்தர் "கார்லயே கலிஃபோர்னியா போயிடலாமா"ன்னு ஆரம்பிப்பாங்க. எங்க வீட்டுல ஆரம்பிச்சது என் மனைவி. நாங்க ரெண்டு பேரு, ரெண்டு பசங்க, ஊர்லேருந்து வந்திருந்த எங்கப்பா, ஆக மொத்தம் அஞ்சு பேரு ஒரு மினிவேன்ல ஜூன் மூணாவது வாரம் எடிசன்லேருந்து கிளம்பி பதிமூணாவது நாள் சாயங்காலம் ஃப்ரீமான்ட்ல என் தங்கச்சி வீட்டு வாசல்ல இறங்கினோம். அதுக்கப்புறம் கேட்ட ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் தனித்தனியா ஃபோன்ல சொன்னத இங்க ஒரே இடத்துல எழுதறேன்.

முதல்ல நாள் கணக்கு

ஐ-80 நெடுஞ்சாலை நியூ ஜெர்சில டீனெக்ல ஆரம்பிச்சு சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் கிட்டத்தட்ட 2,900 மைல். கன்னியாகுமரிலேருந்து ஸ்ரீநகர் போறத விடவும் அதிகம். மேப்ல போட்டா 43 மணி நேரம், 44 மணி நேரம்னு காட்டும், அத பாத்துட்டு "நாலு நாள்ல போயிடலாம்"னு கணக்கு போடறவங்கதான் ஜாஸ்தி. போக முடியும், ஆனா நீங்க பாக்கறது ஹைவேயும் மோட்டல் கார்பெட்டும் மட்டுந்தான், வழியில இருக்கற எல்லா நல்ல இடமும் ஜன்னலுக்கு வெளிய ஓடிடும்.

என்னோட கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு 400 மைலுக்கு மேல வேணாம், தவிர்க்க முடியாம ஒரு நாள் 500, 550 வந்துச்சுன்னா அடுத்த நாள் பாதியா குறைச்சிடுங்க, நாலு நாளைக்கு ஒரு தடவ காரே எடுக்காத நாள் ஒன்னு வைங்க. நாங்க முழுக்க ஐ-80லயே போகல, சிகாகோலேருந்து ஐ-90ல சவுத் டகோட்டா, யெல்லோஸ்டோன்னு வடக்க சுத்தி சால்ட் லேக் சிட்டில மறுபடி ஐ-80 பிடிச்சோம். சைடுல போற இடங்களயும் சேத்தா மொத்தம் 4,000 மைல் வரும். பன்னெண்டுலேருந்து பதினாலு நாள் லீவு கிடைச்சா மட்டும் இந்த ரூட்ட யோசிங்க. ஒரு வாரந்தான் லீவுன்னா டென்வர் இல்ல சால்ட் லேக் சிட்டிக்கு ஃப்ளைட்ல போய் அங்கேருந்து வாடகைக் கார் எடுத்து சுத்தறது எவ்வளவோ மேல்.

இன்னொன்னு, மேற்கு நோக்கி போகும்போது ஈஸ்டர்ன், சென்ட்ரல், மவுன்டன், பசிஃபிக்னு மூணு தடவ ஒவ்வொரு மணி நேரம் கையில கிடைக்கும். கேக்க நல்லா இருக்கும். ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல சூரியன் நேரா கண்ணுல அடிக்கும், ஜூன்ல அது எட்டரை, ஒன்பது மணி வரைக்கும் இறங்காது. அதனால நாங்க காலைல ஆறரைக்கு கிளம்பி நாலரை அஞ்சு மணிக்குள்ள ரூமுக்கு போயிடற மாதிரி வச்சுக்கிட்டோம். இந்த ஒரு பழக்கத்தால மட்டுமே பாதி அலுப்பு குறைஞ்சது.

ரோட்டு நம்பர் புரிஞ்சுக்கோங்க

ஐ-ன்னு ஆரம்பிக்கற ரோடெல்லாம் இன்டர்ஸ்டேட் ஹைவே. ரெட்டைப்படை நம்பர் இன்டர்ஸ்டேட் கிழக்கு மேற்கா போகும், ஒத்தைப்படை வடக்கு தெற்கா போகும். தெற்குல ஐ-10, வடக்குல ஐ-90. மேற்குக் கரையில ஐ-5, கிழக்குக் கரையில ஐ-95. எக்ஸிட் நம்பர் பெரும்பாலான ஸ்டேட்ல மைல் கணக்குதான், ஸ்டேட்டோட மேற்கு எல்லையிலேருந்து இல்ல தெற்கு எல்லையிலேருந்து எண்ணிக்கிட்டு வருவாங்க. அப்ப மேற்கு நோக்கி போறப்போ நம்பர் குறைஞ்சுக்கிட்டே வரும், எக்ஸிட் 131 தாண்டியாச்சு, எக்ஸிட் 110ல இறங்கணும்னா இன்னும் 21 மைல். ஃபோன்ல சிக்னல் போனாலும் இத வச்சு கணக்கு போட்டுடலாம்.

சிக்னல் போகும், நிச்சயமா போகும். வயோமிங்லயும் நெவாடாவுலயும் மணிக்கணக்கா இருக்காது. முந்தின நாள் ராத்திரி ஹோட்டல் வைஃபைல அடுத்த நாள் போற ஏரியா முழுக்க ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சுக்கோங்க. ஒவ்வொரு ஸ்டேட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே வெல்கம் சென்டர்னு ஒன்னு வரும், அங்க பேப்பர் மேப் இலவசமா குடுப்பாங்க, எங்கப்பா ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒன்னு வாங்கி மடியில விரிச்சு வச்சுக்கிட்டு பென்சில்ல கோடு போட்டுக்கிட்டே வந்தாரு, பசங்களும் ஃபோன விட்டுட்டு அதுலதான் தலைய விட்டுக்கிட்டு இருந்தாங்க.

கார ரெடி பண்றது

கிளம்பறதுக்கு பத்து நாள் முன்னாடியே சர்வீஸ் குடுத்துடுங்க, முந்தின நாள் குடுக்காதீங்க. நான் எடிசன் பக்கத்துல ஒரு கடையில முந்தின நாள் சாயங்காலம் ஆயில் மாத்திட்டு வந்தேன், காலைல டிரைவ்வேல பாத்தா தோசைக்கல் சைஸுக்கு ஆயில் கறை, அடியில இருக்கற டிரெயின் ப்ளக்க சரியா முறுக்கல. அத சரி பண்ணி கிளம்பறதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு. பத்து நாள் இடைவெளி இருந்தா இது ஒரு விஷயமே கிடையாது.

டயருக்கு ஒரு குவார்ட்டர் காசு போதும். வாஷிங்டன் தலை கீழ இருக்கற மாதிரி டயர் பள்ளத்துல நுழைச்சு பாருங்க, தலையோட உச்சி முழுசா வெளிய தெரிஞ்சா டயர் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், மாத்திட்டு கிளம்புங்க. காத்து எவ்ளோ வைக்கணும்ங்கறது டிரைவர் பக்க கதவ திறந்தா அந்த ஓரத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கும், டயர்ல எழுதியிருக்கறத பாத்து அடிக்காதீங்க, அது டயர் தாங்கற உச்ச அளவு. ட்ரங்க திறந்து ஸ்டெப்னி இருக்கான்னு கண்ணால பாருங்க, நிறைய புது கார்ல ஸ்டெப்னியே கிடையாது, ஒரு பம்ப்பும் பசையும்தான் வச்சிருப்பான்.

ட்ரிபிள் ஏ (AAA), அதாவது வழியில வண்டி நின்னா உதவிக்கு வர்ற சங்கம், அதுல மெம்பர்ஷிப் எடுக்கறதா இருந்தா ப்ளஸ் எடுங்க, அதுல 100 மைல் வரைக்கும் வண்டிய டோ பண்ணி இழுத்துட்டு போவாங்க. சாதா மெம்பர்ஷிப்ல தூரம் ரொம்ப கம்மி, சவுத் டகோட்டாவுல நடு ரோட்டுல வண்டி நின்னா பக்கத்து ஊரே அத விட தூரம்.

வாடகைக் கார்னா ஒரு ஊர்ல எடுத்து இன்னொரு ஊர்ல விடறதுக்கு தனி சார்ஜ், 25 வயசு ஆகலைன்னா அதுக்கு தனி சார்ஜ். ரெண்டையும் சேத்து மொத்த விலைய பாத்துட்டு முடிவு பண்ணுங்க. குழந்தை சீட் வீட்டுலேருந்தே எடுத்துட்டு போங்க.

பேப்பர், பாஸ், டோல்

லைசன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் கார்டு மூணும் கைக்கு எட்டற இடத்துல இருக்கணும். விசாவுல இருக்கறவங்க பாஸ்போர்ட், ஐ-94ங்கற வருகைப் பதிவோட பிரிண்ட் (இது ரோட்டு நம்பர் இல்ல) கையோட வச்சுக்கணும். 18 வயசு ஆன வெளிநாட்டுக்காரங்க அத எப்பவும் கூடவே வச்சிருக்கணும்ங்கறது சட்டம். இந்த வடக்கு ரூட்ல போறப்போ எங்கயும் கேக்கல. டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா வழியா தெற்கு ரூட் போறவங்கள எல்லையிலேருந்து தள்ளி நடு ஹைவேலயே பார்டர் பேட்ரோல் செக்போஸ்ட்ல நிறுத்தி கேப்பாங்க. நயாகரா வழியா போறவங்க அங்க பாலத்துக்கு போற லேன்ல மட்டும் ஏறிடாதீங்க, ஏறினா கனடாதான், திரும்ப வர்றதுக்கு விசா ஸ்டாம்ப்பிங் கேள்வியெல்லாம் வரும்.

நேஷனல் பார்க் எல்லாத்துக்கும் சேத்து வருஷ பாஸ் 80 டாலர். ஒரு கார்ல இருக்கற எல்லாருக்கும் அந்த ஒரு பாஸ் போதும்னுதான் நாங்க போனப்போ இருந்துச்சு. 2026 ஜனவரியிலேருந்து அந்த 80 டாலர் இங்க வசிக்கறவங்களுக்கு மட்டும், ஸ்டேட் லைசன்ஸ் மாதிரி அரசாங்க ஃபோட்டோ ஐடி காட்டணும். வெளிநாட்டுலேருந்து வர்றவங்களுக்கு 250 டாலர். யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் மாதிரி 11 பெரிய பார்க்ல அந்த பாஸ் இல்லாத வெளிநாட்டுக்காரங்களுக்கு ஆளுக்கு 100 டாலர் தனியா. அதனால அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி பார்க் வெப்சைட்ட ஒரு தடவ பாத்துடுங்க.

டோலுக்கு ஈஸிபாஸ் ஒன்னு இருந்தா பென்சில்வேனியா, ஒஹையோ, இண்டியானா, இல்லினாய் வரைக்கும் அதுவே ஓடும். இல்லினாய் தாண்டினதும் இந்த வழியில டோலே கிடையாது, கடைசியா சான் ஃபிரான்சிஸ்கோக்குள்ள போற பே பிரிட்ஜ்லதான் மறுபடி.

தங்கற இடம்

எல்லாத்துக்கும் முன்னாடி யெல்லோஸ்டோன் பக்கத்துல ரூம் கிடைக்குதான்னு பாருங்க, அந்த தேதிய வச்சு மத்த நாள அமைச்சுக்கோங்க. பார்க்குக்கு உள்ள இருக்கற லாட்ஜெல்லாம் பல மாசம் முன்னாடியே முடிஞ்சிடும். வெளிய வெஸ்ட் யெல்லோஸ்டோன், கார்டினர், கோடி, ஜாக்சன்னு ஊருங்க இருக்கு, அதுலயும் சம்மர்ல விலை ஏறித்தான் இருக்கும். ஆகஸ்ட் முதல் பாதில சவுத் டகோட்டா பக்கம் போகாதீங்க, ஸ்டர்ஜிஸ்ல பெரிய மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும், ராபிட் சிட்டி வரைக்கும் ரூமே இருக்காது. மத்த ஊர்ல ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கற ரூமா பாத்து போட்டு வச்சுக்கோங்க, காலை சாப்பாடு, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் மூணும் இருக்கான்னு பாத்து போடுங்க.

சாப்பாடு

சைவம் சாப்பிடறவங்க சிகாகோ தாண்டினதும் கொஞ்சம் கஷ்டப்படுவாங்க. டாக்கோ பெல், சிபோட்லே, சப்வே இருக்கும், ஆனா மூணாவது நாள் பசங்களே முகத்த சுளிப்பாங்க. நாங்க சின்ன எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் ஒன்னு, அஞ்சு கிலோ பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, நெய், நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துட்டு போனோம். காலைல குளிக்கற நேரத்துல சாதம் வெந்துடும், புளிக்காய்ச்சல் கலந்து டப்பாவுல போட்டுட்டா மதியம் எந்த ரெஸ்ட் ஏரியா பெஞ்சுல உக்காந்தாலும் சாப்பாடு ரெடி. தயிர் சிகாகோல டெவான் அவென்யூ பக்கம் வாங்கி ஐஸ் பெட்டியில வச்சோம், ஐஸ் தினமும் ஹோட்டல் மெஷின்லேருந்து நிரப்பிக்கலாம். ரூம்ல தாளிக்க மட்டும் தாளிக்காதீங்க, கடுகு வெடிக்கறதுக்குள்ள ஸ்மோக் அலாரம் அடிச்சிடும்.

கேஸ் போடறது

பெட்ரோல இங்க கேஸ்னுதான் சொல்லணும், அது பழகியிருக்கும். ஆனா நியூ ஜெர்சில இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் பழகியிருக்காது, அங்க 1949லேருந்து கஸ்டமர் தானே கேஸ் போடக்கூடாதுன்னு சட்டம், ஆள் வந்துதான் போடுவாங்க. பென்சில்வேனியா நுழைஞ்சா நீங்களேதான் இறங்கி போடணும். கார்ட சொருகினா ஜிப் கோடு கேக்கும், பில் வர்ற அட்ரஸோட அஞ்சு நம்பர போடுங்க. இந்தியா கார்டு வச்சிருந்தா உள்ள கவுன்டர்ல போய் "பம்ப் நாலு, நாப்பது டாலர்"னு முன்னாடியே குடுத்துட்டு வாங்க. பச்சை கைப்பிடி பெரும்பாலும் டீசல், அத தொடாதீங்க. ஐயோவா, சவுத் டகோட்டா பக்கம் மக்காச்சோளத்துலேருந்து எடுத்த எத்தனால் கலந்தது மலிவா இருக்கும், ஈ85ன்னு போட்டிருக்கும், ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வண்டி இல்லைன்னா அது வேணாம்.

இன்னும் மேற்க போனதும் பம்ப்புல ரெகுலர்ங்கற பட்டன்ல ஆக்டேன் நம்பர் 85ன்னு இருக்கும். நியூ ஜெர்சி பக்கம் ரெகுலர்னா 87. உயரமான இடங்கறதால பழைய காலத்துலேருந்து அப்படி விக்கறாங்க, ஆனா இப்ப வர்ற கார் மேனுவல் எல்லாத்துலயும் குறைஞ்சது 87ன்னுதான் போட்டிருக்கும், அதனால ஒரு பட்டன் தள்ளி 87ஓ 88ஓ போட்டுக்கோங்க.

பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்க, இது மிசிசிப்பிய தாண்டினதுக்கப்புறம் கண்டிப்பான ரூல். கேலனுக்கு 28 மைல் குடுக்கற வண்டிக்கு 4,000 மைலுக்கு 140 கேலன் சொச்சம் ஆகும், கேலன் மூன்றரை டாலர்னு வச்சா 500 டாலர். கலிஃபோர்னியாவுல விலை ரொம்ப அதிகம், ரெனோவுலயே ஃபுல் பண்ணிடுங்க.

போலீஸ் நிறுத்தினா

புதுசா வந்தவங்க இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. நம்ம ஊர்ல போலீஸ் கை காட்டினா வண்டிய ஓரம் கட்டிட்டு பேப்பர எடுத்துக்கிட்டு இறங்கி அவர் கிட்ட போவோம், அதுதான் மரியாதை. இங்க அப்படி இறங்கவே கூடாது. பின்னாடி லைட் எரிஞ்சா சிக்னல் போட்டு வலது பக்கம் ஒதுங்கி நிறுத்துங்க, இன்ஜின அணைங்க, ஜன்னல இறக்குங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல வச்சுட்டு உக்காந்திருங்க. அவரு வந்து கேட்டதுக்கு அப்புறம் "லைசன்ஸ் பர்ஸ்ல இருக்கு, எடுக்கட்டுமா"ன்னு சொல்லிட்டு மெதுவா எடுங்க. பின் சீட்ல இருக்கற பெரியவங்களுக்கும் முன்னாடியே சொல்லி வைங்க, எங்கப்பா கிளம்பின அன்னைக்கே கேட்டுக்கிட்டாரு.

ஸ்பீடு லிமிட் சவுத் டகோட்டா, வயோமிங், யூட்டா, நெவாடாவுல 80 வரைக்கும் இருக்கும், ஆனா சின்ன ஊருக்குள்ள நுழையும்போது திடீர்னு 35, 25ன்னு இறங்கும், அங்கதான் டிக்கெட் வாங்குவாங்க. இடது லேன் ஓவர்டேக் பண்றதுக்கு மட்டும். ரோட்டு ஓரத்துல போலீஸோ ஆம்புலன்ஸோ லைட் போட்டு நின்னா ஒரு லேன் தள்ளி போகணும், முடியலைன்னா வேகத்த குறைக்கணும், 50 ஸ்டேட்லயும் இதுக்கு சட்டம் இருக்கு.

இப்ப வழி

முதல் நாள் எடிசன்லேருந்து பிட்ஸ்பர்க், 350 மைல் இருக்கும். பென்சில்வேனியா டர்ன்பைக்ல எக்ஸிட் 57ல இறங்கினா மன்ரோவில், பக்கத்துல பென் ஹில்ஸ்ல மலைச் சரிவுல வெங்கடேஸ்வரா கோயில், 1970கள்லேயே கட்டினது. அங்க பெருமாள சேவிச்சுட்டு கீழ கேன்டீன்ல புளியோதரை சாப்பிட்டு கிளம்பறதுதான் எங்க ஊர் ஆளுங்க எல்லாருக்கும் வழக்கம்.

ரெண்டாவது நாள் சிகாகோ. முழுக்க டோல் ரோடு, பாக்க ஒன்னும் இல்ல, ஓட்டிடுங்க. மூணாவது நாள் சிகாகோல ஓய்வு, கார வெளிப்புற ஊர்லயே விட்டுட்டு ரயில்ல டவுன்டவுன் போங்க, பார்க்கிங் செலவு மிச்சம்.

நாலாவது நாள்தான் இருக்கறதுலயே நீளமான ஓட்டத்துல ஒன்னு, ஐ-90ல விஸ்கான்சின், மினசோட்டா தாண்டி சூ ஃபால்ஸ், கிட்டத்தட்ட 570 மைல். லா க்ராஸ்ல மிசிசிப்பி ஆத்த தாண்டுவீங்க, அங்க இறங்கி கால நீட்டிக்கோங்க.

இந்தப் பக்கமெல்லாம் ஜூன், ஜூலைல சாயங்காலம் பெரிய இடி மழை வரும். ஃபோன்ல வார்னிங் கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பேர் போட்டுத்தான் வரும், நீங்க எந்த கவுன்ட்டில இருக்கீங்கன்னு தெரியலைன்னா அது உங்களுக்கா இல்லையான்னே புரியாது, அதனால பச்சை போர்டுல கவுன்ட்டி பேர் வர்றப்போல்லாம் பக்கத்து சீட்ல இருக்கறவங்க குறிச்சு வச்சுக்கட்டும். எங்களுக்கு மினசோட்டா எல்லைல வானம் பச்சையும் கறுப்பும் கலந்த மாதிரி ஆச்சு, அடுத்த எக்ஸிட்லயே இறங்கி ஒரு கேஸ் ஸ்டேஷன் கூரைக்கு அடியில நிறுத்தினோம், அஞ்சு நிமிஷத்துல நெல்லிக்காய் சைஸுக்கு ஆலங்கட்டி கொட்டுச்சு. எங்களுக்கு அப்புறம் வந்த ஒரு வண்டியோட முன் கண்ணாடி முழுக்க விரிசல். ஹைவே பாலத்துக்கு அடியில மட்டும் நிறுத்தாதீங்க, பின்னாடி வர்றவன் இடிப்பான், சூறாவளி வந்தா அங்க காத்து இன்னும் வேகமா இழுக்கும்.

அஞ்சாவது நாள சீக்கிரம் ஆரம்பிங்க. சேம்பர்லின்கிட்ட மிசூரி ஆறு வரும், ரெஸ்ட் ஏரியா மேட்டுல நின்னு பாருங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் மக்காச்சோள வயல், அந்தப் பக்கம் வெறும் புல்வெளி, ஒரு ஆறு தாண்டினதுக்கு தேசமே மாறின மாதிரி இருக்கும். எக்ஸிட் 131ல இறங்கி பேட்லாண்ட்ஸ் நேஷனல் பார்க் உள்ள போற வளைவு ரோட்ட பிடிங்க, அது எக்ஸிட் 110ல வால்ங்கற ஊர்ல வந்து சேரும். கேட்ட தாண்டினதும் முதல் வ்யூ பாயின்ட். அதுவரைக்கும் சமதரையா வந்த புல்வெளி காலடியில அப்படியே அறுந்து விழுந்து, பட்டை பட்டையா சிவப்பும் சாம்பலுமா ஆயிரக்கணக்குல மண் கோபுரம். வண்டில தூங்கிட்டு இருந்த சின்னவன எழுப்பி தூக்கிட்டு போனேன், அவன் ஒரு வார்த்தை பேசல, என் காலர இறுக்கி பிடிச்சுக்கிட்டான். நிழலே கிடையாது, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி கட்டாயம், விரியன் வகை பாம்பு உண்டு, புதர் பக்கம் கால வைக்காதீங்க. வால் ஊர்ல வால் ட்ரக்னு ஒரு கடை, 1930கள்ல இலவச ஐஸ் தண்ணின்னு போர்டு வச்சே பெரிய ஆளானவங்க, இன்னைக்கும் தண்ணி இலவசம், காப்பி அஞ்சு சென்ட்.

ஆறாவது நாள் மவுன்ட் ரஷ்மோர், மலையில நாலு ஜனாதிபதிங்க முகத்த செதுக்கியிருக்கற இடம், நுழைவுக் கட்டணம் இல்ல, ஆனா பார்க்கிங்குக்கு காசு, பாஸ் செல்லாது. ஒரு மணி நேரம் போதும். மீதி நாள கஸ்டர் ஸ்டேட் பார்க்ல செலவு பண்ணுங்க, ஆயிரத்துக்கு மேல காட்டெருமை இருக்கு, 18 மைல் வைல்ட்லைஃப் லூப் ரோட்ட காலைல ஆறு மணிக்கு சுத்தினா வண்டிய ஒட்டி நடந்து போகும். அது ஸ்டேட் பார்க், அதனால தனி டிக்கெட். அங்க நீடில்ஸ் ஹைவேல ஒரு குகைப் பாதை அகலம் எட்டு அடிதான், பெரிய வண்டி வச்சிருக்கறவங்க கண்ணாடிய மடக்கிட்டு போகணும்.

ஏழாவது நாள் டெவில்ஸ் டவர்ங்கற பெரிய பாறைத் தூண பாத்துட்டு பஃபலோ ஊர்லேருந்து யூஎஸ்-16ல பிக்ஹார்ன் மலைய ஏறி இறங்கி கோடிங்கற ஊர். மேல 9,666 அடி கணவாய். இறங்கும்போது பிரேக்க அழுத்திக்கிட்டே வராதீங்க, சூடாகி பிடிக்காம போயிடும், கியர எல் இல்ல ரெண்டுல போட்டுடுங்க, இன்ஜினே வண்டிய பிடிச்சு இறக்கும். இருட்டினதுக்கப்புறம் வயோமிங்ல ஓட்டாதீங்க, மானும் ஆன்ட்டிலோப்பும் ரோட்டுக்கு நடுவுல நிக்கும்.

அப்புறம் மூணு நாள் யெல்லோஸ்டோனும் கிராண்ட் டீட்டனும், குறைக்கவே குறைக்காதீங்க. 1872ல ஆரம்பிச்ச உலகத்தோட முதல் நேஷனல் பார்க் அது. ஏரி இருக்கற இடம் ஊட்டிய விடவும் உயரம், ஜூன்லயும் காலைல ஸ்வெட்டர் வேணும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்ங்கற வெந்நீர் ஊத்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவ பீச்சும், அடுத்தது எப்பன்னு பக்கத்துல போர்டுல போட்டிருப்பாங்க. காட்டெருமைகிட்டேருந்து 25 கஜம், கரடி ஓநாய்கிட்டேருந்து 100 கஜம் தள்ளி நிக்கணும். காட்டெருமை மாடு மாதிரி சாதுவா மேயும், பாத்துக்கிட்டு இருக்கறப்பவே பாஞ்சு வரும், மனுஷன விட மூணு மடங்கு வேகம். வெந்நீர் ஊத்துகிட்ட பலகைப் பாதைய விட்டு ஒரு அடி கீழ வைக்காதீங்க, மேல ஓடு மாதிரி தெரியறது அடியில கொதிக்கற தண்ணி, சின்ன பசங்க கைய விடவே கூடாது. ஊறுகாய் பாட்டிலானாலும் சரி, வெளிய வச்சுட்டு நகராதீங்க, கரடிக்கு மோப்பம் அதிகம்.

ஜாக்சன்லேருந்து சால்ட் லேக் சிட்டி அஞ்சு மணி நேரம். அடுத்த நாள் ரெனோ வரைக்கும் 520 மைல், வழியில வென்டோவருக்கு பத்து மைல் முன்னாடி ரெஸ்ட் ஏரியா வரும், இறங்கினா கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை உப்பு, போன்வில் சால்ட் ஃப்ளாட்ஸ். எங்கப்பா வேதாரண்யத்துக்காரரு, சின்ன வயசுல உப்பளத்துல வேலை பாத்தவரு. செருப்ப கழட்டி கையில வச்சுக்கிட்டு உப்பு மேல நடந்தாரு, குனிஞ்சு ஒரு துண்ட உடைச்சு நாக்குல வச்சுப் பாத்தாரு, "நம்ம உப்புல இன்னும் கொஞ்சம் கசப்பு இருக்கும்டா"ன்னாரு, அங்கேயே அரை மணி நேரம் நின்னோம். கால கழுவ அங்கேயே குழாய் வச்சிருக்காங்க, கழுவிட்டு ஏறுங்க, உப்பு கார் கார்பெட்ட அரிச்சிடும்.

நெவாடாவுல எல்கோ, வினமக்கா ரெண்டு ஊர்லயும் நிறுத்தி கேஸ், தண்ணி, பாத்ரூம் முடிச்சுக்கோங்க. ஆகஸ்ட்ல போறவங்க காட்டுத் தீ புகை இருக்கான்னு ஏர்நவ் ஆப்ல பாத்துட்டு போங்க.

கடைசி நாள் ரெனோலேருந்து டானர் சம்மிட், 7,239 அடி, அங்கேருந்து சாக்ரமென்டோ வரைக்கும் இறக்கம், மறுபடியும் கியர இறக்கி வாங்க. ட்ரக்கிங்கற (Truckee) ஊர்ல கலிஃபோர்னியா விவசாய செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தி பழம், செடி ஏதாவது இருக்கான்னு கேப்பாங்க. தங்கச்சிக்கு குடுக்கலாம்னு வீட்டுல வளத்த கறிவேப்பிலைச் செடிய தொட்டியோட எடுத்துட்டு வராதீங்க, எலுமிச்சை ஆரஞ்சு மரத்த அழிக்கற பூச்சி அதுல வரும்ங்கறதால வாங்கி வச்சுக்குவாங்க. மிச்சம் இருக்கற ஆப்பிள், ஆரஞ்சயெல்லாம் மலை ஏறறதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிடுங்க, மறைக்காம இருக்கறத சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல விட்டுடுவாங்க.

பே ஏரியா போற வழியிலயே லிவர்மோர்ல சிவா விஷ்ணு கோயில் இருக்கு, நாங்க நேரா அங்க போய் அர்ச்சனை பண்ணிட்டுதான் தங்கச்சி வீட்டுக்கு போனோம். மறுநாள் வண்டிய கழுவக் குடுக்கறப்போ முன் பம்பர்ல ஒட்டியிருக்கற பூச்சிய நல்லா ஊற வச்சு எடுக்கச் சொல்லுங்க, ரெண்டு வாரம் விட்டா பெயின்ட்ட தின்னுடும்.